ஊசியக்காவின் டயர்

அந்தப் பகுதியில் எல்லாரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள், சர்க்கரைக்காரர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள் இவர்களுடைய வீடுகளுக்குக் காலையில் போய் ரத்தம் எடுத்து, சின்னக் குழாய்களில் அடைத்து, லேபில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே அதைத்தான் செய்துவந்தாள். அவள் குத்திய பிறகு, "இன்னும் குத்தலையா?" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வி காதில் விழும்போது அவள் முகத்தில் சிரிப்பு வராது. ஆனால் அன்று முழுக்க நடையில் ஒரு மிதப்பு இருக்கும்.

அவள் போகவேண்டிய வீடுகளில் பாதி பழைய குடியிருப்பில் இருந்தன. கார், ஸ்கூட்டர் நுழையாதபடி சந்துகளின் வாயில் இரும்புக் கம்பம் நட்டிருந்தார்கள். உள்ளே தார் ரோடு கிடையாது, கருங்கல் பாவிய தரைதான். அதைத் தாண்டினால் ரயில் பாதைக்கு மேலே ஒரு பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் லேப். சைக்கிள்தான் தோது. அவளிடம் ஒரு பழைய கறுப்பு சைக்கிள் இருந்தது. இருபத்தாறு அங்குலச் சக்கரம், கட்டைவிரலைவிடப் பருமனான டயர், பின்னால் கேரியரில் ரத்தக் குழாய்ப் பெட்டி. வண்டி முனகும், ஆனால் போகும்.

ஒரு சாயங்காலம் அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "பாலம் ஏறும்போது கொஞ்சம் வலிக்குது" என்று சொன்னாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நன்றாக ஓடுகிற எதையும் அவரால் நன்றாக ஓட விட முடியாது. வீட்டு மின்விசிறி, கதவுத் தாழ்ப்பாள், மிக்ஸி எல்லாமே ஒருமுறையாவது அவர் கையில் கழன்று மாட்டப்பட்டவை. போதாததற்கு அந்த வருஷம் அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழு ஒன்றில் சேர்ந்திருந்தார். மற்ற ஆண்கள் அரசியல் பேசுவதுபோல அவர்கள் டயர் பேசினார்கள்.

அடுத்த வாரம் அவள் வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கினால் வாசலில் ஒரு புது சைக்கிள் நின்றது. உயரமான சக்கரம், விரல் பருமன்கூட இல்லாத டயர். பக்கத்தில் அவர், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

"பழைய வண்டி எங்கங்க?"

"அதையா? ஆபீஸ் வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டேன். ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா அது எப்படி சர்ப்ரைஸ் ஆகும்? டயரை அழுத்திப் பாரு. கல்லு மாதிரி இருக்கும்."

"கல்லு மேலே உக்காந்து போகவா?"

"காத்து அதிகமா ஏத்தினா தரையில டயர் படுற இடம் கொஞ்சம்தான். மிதிக்கிறது லேசாயிடும். சக்கரம் பெருசு, ஒரு மிதிக்கு எவ்வளவு தூரம் போகுது பாரு. எல்லாம் உன் முட்டிக்காகத்தான்."

முட்டிக்காக என்று சொன்ன பிறகு அவள் என்ன சண்டை போடுவாள். பெட்டியைக் கேரியரில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பொய் சொல்லக் கூடாது, பாலத்தில் வண்டி பறந்தது. வலியே இல்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது அதை அவரிடம் சொல்லவும் சொன்னாள். அவர் இன்னும் ஒரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டார். ஆனால் கல் பாவிய சந்துகளில் அது வேறு வண்டியாக மாறியது. ஒவ்வொரு கல்லின் விளிம்பும் டயரில் அமுங்காமல் நேரே ஹேண்டில்பாருக்கு வந்தது. மணிக்கட்டு, முழங்கை, தாடை எல்லாம் அதிர்ந்தன. வாயைத் திறந்து யாருக்காவது பதில் சொன்னால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு வாரம் கழித்து அதையும் சொன்னாள்.

"பழகிடும்" என்றார் அவர்.

அவளுக்குப் பழகியது. ரத்தத்துக்குப் பழகவில்லை.

லேப் இன்சார்ஜ் அவளைவிட வெகு இளையவர். எல்லாரையும் அக்கா, அண்ணா என்று கூப்பிடுவார். கூப்பிட்ட கையோடு குத்துவார்.

"அக்கா, நேத்து நீங்க கொண்டுவந்ததுல பாதி சிவந்து போச்சு. திரும்ப எடுக்கணும்."

குழாயில் ரத்தம் தெளிந்தால் மேலே நிற்கிற நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். ரத்த அணுக்கள் உடைந்துவிட்டால் அந்த நீர் இளஞ்சிவப்பாகிவிடும். அதில் வருகிற கணக்கை நம்ப முடியாது. பொட்டாசியம் எல்லாம் இல்லாத உயரத்துக்கு ஏறிக் காட்டும். அதைப் பார்த்து டாக்டர் பயந்து மருந்தை மாற்றினால் ஆளுக்கே ஆபத்து. எப்போதாவது ஒன்று இப்படி ஆவது சகஜம். பாதி என்பதை அவள் கேள்விப்பட்டதில்லை.

திரும்பப் போய் எடுத்தாள். மறு வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும்.

திரும்பக் குத்துவதிலேயே கொடுமை தையல் டீச்சரிடம் குத்துவது. ஓய்வு பெற்ற டீச்சர். சிறுநீரகம் பழுது, வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும். நரம்போ ஒளிந்து விளையாடும். பேச்சில் இனிப்பு கிடையாது.

"ஏம்மா, போன வாரம் எடுத்த ரத்தத்தைக் குடிச்சிட்டியா?"

"லேப்ல சரியா வரலை டீச்சர்."

"அவங்களுக்கு வரலைன்னா அவங்க கையில குத்து. என் கையில துணியே மிச்சமில்லை, எல்லாம் தையல்தான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு டீச்சர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். ஒரே குத்தில் கிடைத்தது. டீச்சர் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வார முடிவில் இன்சார்ஜ் அவளைத் தனியாக அழைத்தார். தனியாக என்றால், மற்றவர்கள் காதில் விழுகிற தூரத்தில்.

"ஊசியை உள்ளே விட்டுத் துழாவுறீங்களோ அக்கா? வயசாகுதில்ல. கை நடுங்குச்சுன்னா சொல்லிடுங்க. புதுசா வந்த பொண்ணை அனுப்பிக்கலாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் அவள் கையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. "என் கை நடுங்கலை சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் பாலத்தில் வரும்போது சந்தேகம் கூடவே வந்தது. மறுநாளிலிருந்து ஊசியின் அளவை மாற்றிப் பார்த்தாள். பட்டையைத் தளர்த்திக் கட்டினாள். நிதானமாக இழுத்தாள். பெட்டிக்குள் பழைய துண்டுகளைத் திணித்தாள். பெரிய குலுக்கலுக்குத் துண்டு தாங்கியது. ஓயாத அதிர்வை அது எங்கே தாங்கும். பெட்டியை முதுகில் மாட்டிக்கொள்ளலாம் என்றால் லேப் விதி விடாது, உடம்பில் படக் கூடாதாம். குழாய்கள் சிவந்துகொண்டே இருந்தன.

ஒரு நாள் கல்லூரியிலிருந்து வந்த மகள், சமையலறையில் அம்மா தண்ணீர் டம்ளரை நீட்டிப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்தாள்.

"என்னம்மா பண்றே?"

"கை நடுங்குதான்னு பாக்குறேன்."

மகள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். தண்ணீரில் அசைவே இல்லை. "உன் கை நடுங்கலை. உதடுதான் நடுங்குது" என்றாள். அம்மா டம்ளரை வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

விடிவு வந்தது ஒரு பஞ்சரால். மெல்லிய டயர் கல் விளிம்பில் அறுபட்டுச் சந்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டது. சைக்கிளை ஒரு வீட்டில் நிறுத்திவிட்டு, பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, அரைமணிக்கு ஒன்று வருகிற பஸ்ஸுக்குக் காத்திருந்து லேபுக்குப் போனாள். மறுநாள் இன்சார்ஜ் பல்லெல்லாம் தெரியச் சொன்னார்: "நேத்து ஒண்ணுகூடச் சிவக்கலை. பாத்தீங்களா அக்கா, கவனமா எடுத்தா வருது."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியை அவர் மேஜைமேல் போட்டிருப்பாள். ஆனால் அந்த ஆத்திரத்துக்கு நடுவிலேயே ஒன்று பொறி தட்டியது. கை அதே கை. ஊசியும் அதேதான். மாறியது வண்டி ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகளை விட்டுப் பட்டை கட்டச் சொல்லி, தன் கையிலிருந்தே இரண்டு குழாய் ரத்தம் எடுத்தாள். ஒன்றை வீட்டு அலமாரியில் நிறுத்தினாள். இன்னொன்றைப் பெட்டியில் வைத்து, ஒட்டுப்போட்ட மெல்லிய டயரில் காற்றை வழக்கம்போல ஏற்றி, கல் சந்துகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். தெளிய விட்டாள். சைக்கிள் குழுவிலிருந்து கணவர் வியர்க்க விறுவிறுக்க வந்தபோது இரண்டு குழாய்களும் சாப்பாட்டு மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றில் வைக்கோல் நிறம், ஒன்றில் இளஞ்சிவப்பு.

"ரெண்டும் என் ரத்தம். இது வீட்டுல இருந்தது. இது உங்க வண்டியில போய்ட்டு வந்தது."

அவர் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "காத்து கொஞ்சம் ஜாஸ்தியோ?"

மகள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

காற்றைக் குறைத்து ஓட்டினால் அவ்வளவு மெல்லிய டயரில் சக்கரத்தின் ரிம் கல்லில் இடித்தது, மறுபடி பஞ்சர். "அப்ப டயர் அகலமா இருக்கணும், அவ்வளவுதானே" என்றார் அவர். இந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் போய்க் குழு நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி வந்தது மணலில் ஓட்டுகிற வண்டி. டயர் அவள் தொடை பருமன்.

"இதுக்கு லைசென்ஸ் வேணுமா?" என்று கேட்டாள் மகள்.

கல் சந்தில் அது மெத்தை. அதில் குறையே சொல்ல முடியாது. சந்து முடிந்து தார் ரோட்டுக்கு வந்ததும் ஊரையே கூட்டுகிற மாதிரி ஒரு ரீங்காரம். பாலத்தில் ஏறினால் எருமையைக் கயிறு கட்டி இழுப்பதுபோல் இருந்தது. ஒரு மிதி மிதித்தால் அரை மிதி தூரம்கூட நகராது. இறங்கித் தள்ளினாள். தள்ளவும் கனமாக இருந்தது. லேபுக்குப் போய்ச் சேரும்போது மூச்சும் இல்லை, நேரமும் இல்லை. நேரம் தாண்டி வந்த ரத்தத்தை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று இன்சார்ஜ் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டினார். அன்று வந்த முட்டி வலிக்கு முன்னால் பழைய வலி ஒன்றுமே இல்லை.

"என்னங்க, உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன். எனக்குச் சாதாரணமா ஒரு சைக்கிள் போதும்."

"புரியுது. கனம்தான் பிரச்சினை. நீ கவலைப்படாதே."

அவர் கவலைப்படாதே என்று சொல்கிறபோதுதான் அவள் கவலைப்படத் தொடங்குவாள். இந்தத் தடவையும் அந்தக் கவலை வீண்போகவில்லை. அவருடைய தம்பி மனைவியின் மடக்கு சைக்கிள் வந்து சேர்ந்தது. சக்கரம் இருபது அங்குலம். லேசு, பஸ்ஸில்கூட ஏற்றிக்கொள்ளலாம், டயரும் கொஞ்சம் பருமன் என்று அவர் விளக்கினார். அவள் வாக்குவாதம் செய்யவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

ஹேண்டில் பல்லிவால் மாதிரி துடித்தது. தும்மினால்கூட வண்டி திரும்பியது. பெரிய சக்கரம் பள்ளத்தின் மேல் ஏறித் தாண்டிவிடும், சின்னது அதற்குள் இறங்கிவிடும் என்பது அவளுக்குத் தையல் டீச்சர் வீட்டுத் திருப்பத்தில் விளங்கியது. சாக்கடை மூடிக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு இடைவெளி. இத்தனை வருஷமாக அதன்மேல் போய்க்கொண்டிருந்தவள், அப்படி ஒன்று இருப்பதையே கவனித்ததில்லை. முன்சக்கரம் அதில் சட்டென்று நின்றது. அவள் நிற்கவில்லை.

கீழே விழுந்தவள் முதலில் பெட்டியைத் திறந்து பார்த்தாள். குழாய்கள் பத்திரம். அதற்குப் பிறகுதான் இடது மணிக்கட்டு வீங்குவதைப் பார்த்தாள். எழுந்திருக்கப் பிடிக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். டீச்சர் வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது: "யாரும்மா விழுந்தது?" அவள் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

சுளுக்குதான், எலும்பு முறியவில்லை. கட்டோடு ரத்தம் எடுக்கலாம், ஹேண்டில்பாரைத்தான் பிடிக்க முடியாது. விடுப்பு எடுத்தால் அந்தப் புதுப் பெண்ணை அனுப்பிவிடுவார்கள். சாயங்காலம் வாசலில் கணவர் மடக்கு சைக்கிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "முன்னாடி ஒரு சஸ்பென்ஷன் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவர் சமாளித்திருப்பார்.

"நாளைக்கு லீவு போடுங்க. நான் நடந்து போய் ரத்தம் எடுக்கிறேன். நீங்க பெட்டியை வெச்சுக்கிட்டு என் பின்னாடி வாங்க. மெல்லிசு டயர் வண்டியிலேயே வாங்க. எனக்கு வாங்கிக் குடுத்தீங்களே, அதுல."

அவர் டயரைப் புதுசாக மாற்றி, காற்றும் அவர் சொல்கிற அளவுக்கே ஏற்றி, மறுநாள் வந்தார். முதல் சந்தில் உற்சாகமாக வந்தார். இரண்டாவது சந்தில் பேச்சு நின்றது. அதற்கடுத்த சந்தில் அவள் திரும்பிப் பார்த்தபோது அவர் சீட்டில் உட்காராமல் நின்றுகொண்டே மிதித்து வந்தார், கன்னம் இரண்டும் குலுங்கின. அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் இல்லை. டீச்சர் வீட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"மரத்துப் போச்சு" என்றார்.

"பழகிடும்" என்றாள் அவள்.

பாலத்தின் மேல் அவர் முன்னால் போய்விட்டார். அவள் பஸ் பிடித்து லேப் போய்ச் சேர்ந்தபோது, அவர் வரவேற்பு மேஜையில் பெட்டியின் கொக்கியைக் கழற்றத் தெரியாமல் விரல்களோடு மல்லாடிக்கொண்டிருந்தார். அவளே கழற்றிக் கொடுத்தாள். குழாய்களைச் சுழற்றித் தெளிய வைக்கும் வரை இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு இன்சார்ஜ் ஒரு தட்டோடு வெளியே வந்தார்.

"அக்கா, மறுபடியும் சிவந்திருக்கு. நான் அன்னைக்கே சொன்னேன், கையால முடியலைன்னா..."

"கை இல்லைங்க" என்று கணவர் எழுந்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை. "அவங்க கைக்கு ஒண்ணும் இல்லை. இந்த டயரை வாங்கினது நான். காத்தை ஏத்தினதும் நான்தான். அவங்க ரெண்டு குழாயில வெச்சுக் காட்டினாங்க, அப்பவும் நான் ஒத்துக்கலை. இன்னைக்கு நானே ஓட்டிட்டு வந்தேன். நீங்க வேணும்னா ஓட்டிப் பாருங்க, வண்டி கீழேதான் நிக்குது. இனிமே அவங்க கையைப் பத்திப் பேசாதீங்க."

லேபில் இருந்த எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அந்தப் புதுப் பெண் தட்டிலிருந்த குழாய்களை எட்டிப் பார்த்தாள். இன்சார்ஜ், "நான் பொதுவாத்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மன்னிப்பு என்கிற சொல் அவர் வாயிலிருந்து அன்றும் வரவில்லை, பிறகும் வரவில்லை. ஆனால் கை என்ற பேச்சு அதோடு நின்றது.

அன்றைக்கு எடுத்த ரத்தத்தை எல்லாம் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. அவளுக்கு அதில்தான் கோபம். "இதை ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா இத்தனை பேரைக் குத்தியிருக்க வேண்டாம்" என்றாள் வெளியே வந்ததும். அவர் தலையாட்டினார். கொஞ்ச தூரம் போன பிறகு அவரிடமிருந்து சைக்கிளை வாங்கி, தானே ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு நேரே சைக்கிள் கடைக்குப் போனாள். அவர் பின்னாலேயே வந்தார்.

கடைக்காரரிடம் அவளே பேசினாள். "இந்த வண்டிக்கு எவ்வளவு அகல டயர் பிடிக்குமோ அதைப் போடுங்க."

கடைக்காரர் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "முப்பத்தஞ்சு மில்லிமீட்டருக்கு மேல உரசும்மா."

"அதையே போடுங்க. காத்து பாதிதான்."

கணவர் வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயை மூடிக்கொண்டு, கடையில் தொங்கிய மணிகளைப் பார்க்கத் தொடங்கினார்.

"கம்மிக் காத்துல கொஞ்சம் மெதுவாப் போகும்மா" என்றார் கடைக்காரர்.

"போகட்டும். எனக்கு என்ன பந்தயமா?"

கட்டுப் பிரித்ததும் அந்த வண்டியில்தான் போனாள். பாலத்தில் மெல்லிய டயர் அளவுக்குப் பறக்கவில்லை, கொஞ்சம் மூச்சு வாங்கியது. கல் சந்தில் பெரிய டயர் அளவுக்கு மெத்தையாக இல்லை, ஆனால் பேசினால் நாக்கு பிழைத்தது. பெரிய சக்கரம் சாக்கடை மூடி இடைவெளியைத் தாண்டிப் போயிற்று. எதுவும் முழுசாகச் சரியில்லை, எல்லாம் பரவாயில்லை என்கிற அளவில் இருந்தது. குழாய்கள் வைக்கோல் நிறத்தில் தெளிந்தன. அடுத்த பல வருஷம், வேலையை விடும் வரை, அவள் அதே அகலத்தில்தான் டயர் மாற்றினாள்.

கணவர் திருந்திவிட்டார் என்று சொல்ல ஆசைதான். ஞாயிற்றுக்கிழமைக் குழுவில், டயர் அகலமாகவும் காற்று குறைவாகவும் இருக்க வேண்டும் என்று தானே கண்டுபிடித்தது மாதிரி பேசினார். காற்றளவு பார்க்கும் கருவி ஒன்று வாங்கி, அவள் அசந்த நேரம் பார்த்து டயரை அளந்தார். மகள் அந்தக் கருவியை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தாள். அவர் இன்னொன்று வாங்கினார்.

கொஞ்ச நாளில் தையல் டீச்சருக்கு நடக்க முடியாமல் போய், சக்கர நாற்காலி வந்தது. வீட்டுக் கதவுப் படி தடுக்கிறது, உன் வீட்டுக்காரரை வந்து பார்க்கச் சொல் என்று டீச்சர் கேட்க, ஒரு நாள் அவரையும் கூட்டிப்போனாள். அவள் டீச்சர் கையில் பட்டையைக் கட்டி, ஒளிந்திருந்த நரம்பை விரலால் தேடிப் பிடித்து, ஊசியை இறக்கினாள்.

"குத்திட்டியா?" என்று கேட்டார் டீச்சர்.

"ஆச்சு டீச்சர்."

கதவுப் படியைப் பார்க்க வந்தவர் அதைப் பார்க்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாற்காலியின் முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இந்தச் சின்னச் சக்கரம் இருக்கு பாருங்க, இது ரொம்ப மெல்லிசு..."

"என்னங்க," என்றாள் அவள், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல். "படியைப் பாருங்க."